உடையவர் இல்லாப் பாட்டு

நலம் நிலைக்க. கடல் தன் எல்லை கடவாதிருக்க. மழை தன் மாதம் தவறாதிருக்க. அலையடக்கிய பெருமான், ஏழ்துறைக்கும் ஒரு வேந்தர், வேலங்கானல் நாடு முழுதாளும் திருநெடுங்கோ மாமன்னர் அரியணை ஏறிய பதினெட்டாம் ஆண்டு, ஆடித் திங்கள் வளர்பிறை ஐந்தாம் நாள், தலைநகர் ஆழிக்கோட்டு ஓலைமண்டபத்திலிருந்து, அரச ஓலைநாயகம் நெடுமணல் பரிதி, தென்துறை காக்கும் வேளும் எந்தப் புயலிலும் அணையாக் கலங்கரை விளக்குக்கு உரியவரும் என் இளமைத் தோழருமாகிய காரியாதனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையும் துறைமக்களும், தங்கள் இல்லமும் இல்லத்தாரும் குறைவின்றி வாழ்க. தங்கள் முழங்கால் வலி இறங்கியதா என்று அறிய ஆவலாயிருக்கிறேன். எனக்கும் ஒரு வலி உண்டு. அது முழங்காலில் இல்லை.

முதலில் ஆணையைச் சொல்லிவிடுகிறேன், பின்பு என் வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன். வரும் முழுநிலா நாளில், தென்துறைக் கடல்முகத்தில் ஆளுயரக் கல் ஒன்று நாட்டி, ஏழ்துறையிலும் படகு தள்ளுவோர் பாடும் தோணிப்பாட்டை அதில் வெட்டி, அதன் பேரடியில் திருநெடுங்கோ மாமன்னரின் திருப்பெயரைப் பொறிக்க வேண்டும். அப்பாட்டை முதன்முதல் பாடியவளாகிய சேந்தி, தங்கள் துறையில் வலை முடிபவள், அன்று கல்லின் முன் நின்று, மன்னர் பெயரிட்டு ஒருமுறை பாடி, வாய்கொடுத்துவிட வேண்டும். ஆணை இவ்வளவே.

வழக்கை உரைக்குமுன் வழக்கத்தை உரைக்க வேண்டும் என்பது அரச ஓலைக்கு விதி. ஆதலால் தாங்கள் தொட்டிலிலேயே அறிந்தவற்றை மீண்டும் எழுதுகிறேன், பொறுத்தருள்க. நம் நாட்டில் எந்தப் பாட்டும் அதைச் செய்தவர் பெயரைத் தன் கடைசி அடியில் தாங்கி நிற்கும், அதுவே பேரடி. ஒரு பாட்டுக்கு ஒரு பெயர்தான். மாமன்னரின் பாட்டனார் காலத்தில் இரு பெருங்கவிகள் ஒரு பாட்டின் உரிமைக்காக அவைநடுவே ஒருவர் குடுமியை ஒருவர் பற்றி உருண்டார்களாம்; அதைக் கண்டு சலித்த அப்பெருந்தகை அன்றே பிறப்பித்த சட்டம் இது. தன் பாட்டைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பவர், புதியவர் பெயரிட்டு ஒருமுறை பாட வேண்டும். அதற்கு வாய்கொடுத்தல் என்று பெயர். வாய்கொடுத்தவர் அதன்பின் அப்பாட்டைத் தம் வாழ்நாளில் பாடலாகாது. எவரும் உரிமை கொள்ளாத பாட்டு, கரையொதுங்கிய மரக்கட்டையைப் போலவே உடையவர் இல்லாப் பொருளாகி, அரசரைச் சேரும். முதலில் பாடியவர் உயிரோடிருந்தால் அதற்கும் அவரே வாய்கொடுக்க வேண்டும்.

இனி வழக்கு. தோணிப்பாட்டைச் செய்தவர் ஒருவர் அல்லர், இருவர்: சேந்தியும், அவள் கணவனாகிய படகுத் தச்சன் அந்துவனும். சொல் அவளுடையது, மெட்டு அவனுடையது. அவன் கொட்டாப்புளியால் பலகையில் ஆணி அறையும் தட்டுக்கு அவள் வாயில் வந்த சொற்களைச் சேர்த்தாள் என்றும், அவள் முணுமுணுத்த சொற்களுக்கு அவன் தட்டை மாற்றினான் என்றும், தங்கள் துறையில் இரண்டு விதமாகவும் சொல்வார்கள். அந்த வீட்டில் அதைக் குறித்து நாள்தோறும் ஒரு சண்டை நடந்தது என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை. என் சொல் இல்லையேல் உன் மெட்டு வெறும் ஆணி அறைதல் என்று அவளும், என் மெட்டு இல்லையேல் உன் சொல் வெறும் ஒப்பாரி என்று அவனும் ஏசிக்கொள்வதைக் கேட்கவே அண்டைவீட்டார் வேலியோரம் வந்து நிற்பார்களாம். பாட்டைத் தாங்கள் ஆயிரமுறை கேட்டிருப்பீர்கள். ஆயினும் சான்றுக்காகப் பழைய வடிவில் இங்கு எழுதி வைக்கிறேன்.

தள்ளு தள்ளு தோணி தள்ளு
தாழை பூத்த நாளில் தள்ளு
போன தோணி மீளும் மட்டும்
பூட்டா திருக்கும் வீடு.

நான்கு ஆண்டுகளுக்கு முன், துறைகளில் பாடப்படும் பாட்டுகள் யாவும் அரச பாட்டேட்டில் ஏற வேண்டும், செய்தவர் வந்து பெயர் சொல்ல வேண்டும் என்று முரசறைந்தது தங்கட்கு நினைவிருக்கும். அறைந்த முரசு என் முரசு. அந்த யோசனையும் என்னுடையதே. பாட்டு நாடெங்கும் பரவுகிறது, பாடியவர் பெயரோ துறை தாண்டுவதில்லையே என்று இரங்கித்தான் செய்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, அதைக் கேளுங்கள்.

அக்காலம் அந்துவன் கலம் பழுதுபார்க்க வடதுறை போயிருந்தான். ஒரு பாட்டுக்கு ஒரு பெயர்தான் ஏறும் என்று முரசில் கேட்டதும், மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வடதுறை ஓலைக்காரன்முன் போய் நின்று, தோணிப்பாட்டை நான் செய்யவில்லை, முழுதும் என் மனைவி சேந்தி செய்தது என்று கடல்மேல் ஆணையிட்டுச் சொல்லிவிட்டான். அதே கிழமையில், அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சேந்தி தங்கள் துறை ஓலைக்காரன்முன் போய் நின்று, தோணிப்பாட்டை நான் செய்யவில்லை, முழுதும் என் கணவன் அந்துவன் செய்தது என்று கடல்மேல் ஆணையிட்டுச் சொல்லிவிட்டாள். நாள்தோறும் எனது எனதென்று சண்டையிட்ட இருவரும் பெயர் என்று வந்தபோது எனதில்லை என்று ஆளுக்கொரு துறையில் சத்தியம் செய்துவிட்டார்கள். உலகத்தில் வேறு எவராவது இப்படிப் பிழை செய்வாரா?

இரண்டு ஓலைகளும் என் மண்டபத்துக்கு வந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிரித்தேன், காரியாதனாரே, வயிறு குலுங்கச் சிரித்தேன். வீட்டில் என் மனைவியிடமும் சொல்லி அவளும் சிரித்தாள். விதிப்படி இருவரும் மறுத்த பாட்டுக்கு உரியவர் இல்லை. ஆகவே பாட்டேட்டில் தோணிப்பாட்டுக்கு நேரே, உடையவர் இல்லை என்று என் கையாலேயே எழுதினேன். இருவரும் சேர்ந்து ஒரே இடத்தில் நின்று ஆணையை மீட்டால் சரியாகிவிடும், மழை விட்டதும் அழைத்துக்கொள்வோம், அதற்குள் இவர்கள் வீட்டில் நடக்கப்போகும் சண்டையை நினைத்தால் வேடிக்கைதான் என்று எண்ணி, சுவடியைக் கட்டிப் பரணில் வைத்தேன். மழை விட்டது. நான் மறந்துவிட்டேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சொல்வதுண்டு; ஏட்டைக் கெடுத்தவன் நான்தான்.

அடுத்த கோடையில் தீவுப்போர் மூண்டது. அந்துவனைக் கலத்தச்சனாக அழைத்துப் போனார்கள். அவன் ஏறிய கலம் மீளவில்லை. போரின் வெற்றிச் செய்தி மட்டும் வந்தது. ஆழிக்கோடு முழுதும் விளக்கேற்றினோம். இறந்தவன் இட்ட ஆணையை மீட்க எவராலும் இயலாது. அந்துவன் சொன்ன மறுப்பு இனி அந்தக் கடல் வற்றினால்தான் வற்றும்.

வெற்றி உலாவில் துடுப்பாளர் எழுநூறுபேர் தோணிப்பாட்டைப் பாடக் கேட்டு மாமன்னர் மகிழ்ந்தார். மகிழ்ந்ததோடு நில்லாமல் ஒரு சொல்லை மாற்றியருளினார். பூட்டாதிருக்கும் வீடு என்பது அரசின் பெருமைக்குப் போதாது, பூட்டாதிருக்கும் கோட்டை என்று பாடுக என்றார். அவைக்கவி நல்லிறையனார் அந்த ஒரு சொல்லின் அழகை வியந்து அங்கேயே நாற்பது பாடல் பாடினார். கோட்டைக் காவற்றலைவர் மட்டும் என் காதருகே வந்து, பூட்டாத கோட்டையை வைத்துக்கொண்டு நான் என்ன காவல் செய்வேன் என்று நொந்துகொண்டார். பின்பு மாமன்னர், இப்பாட்டு எவருடையது என்று வினவ, பாட்டேடு கொணரப்பட்டது. அதில் என் எழுத்தே என்னைக் காட்டிக்கொடுத்தது. உடையவர் இல்லாதது நமக்குரியது, அதன்மேல் நாமும் ஒரு சொல் ஈந்திருக்கிறோம், ஆகவே இது நம் பாட்டு என்று மாமன்னர் திருவாய் மலர்ந்தார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற பழமொழி மன்னர்க்கு ஆகாது என்று எந்தச் சட்டநூலிலும் எழுதியிருக்கவில்லை.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பவனைப் போல அதன்பின்தான் நான் ஓடினேன். சேந்திக்கு ஆள் விடுத்தேன். ஆறு நாள் நடந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும், விரல்களில் வலைக்கயிறு அறுத்த தழும்புகள். அமரச் சொன்னேன், அமரவில்லை. செய்தியைச் சொன்னேன். மன்னர் பாட்டா என்று ஒருமுறை கேட்டாள். பின்பு, அந்த மனிதர் வடதுறையில் போய் அப்படியா சத்தியம் பண்ணினார் என்று கேட்டாள். ஆம் என்று அவன் ஓலையை வாசித்துக் காட்டினேன். முழுதும் என் மனைவி சேந்தி செய்தது என்ற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாள். மும்முறை வாசித்தேன். பாவி மனுஷன், கலம் ஏறுகிற வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவனை ஏசி, என் மண்டபத் தூணில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அவள் சொன்னதை அரச நடைக்கு மாற்றி எழுத என் கை வரவில்லை. அவள் சொன்னபடியே எழுதினேன்.

அழுது ஓய்ந்தபின் அவளுக்கு ஒரு வழி சொன்னேன். அவன் மறுப்பு மாறாது. உன் மறுப்பை நீ ஒருத்தியாக மீட்கலாம். நானே செய்தேன், முழுதும் நானே செய்தேன் என்று கடல்மேல் ஆணையிட்டால், அவன் ஓலையே உனக்குச் சான்று. பாட்டு உன்னுடையது ஆகிவிடும். மன்னரும் கைவைக்க இயலாது. சேந்தி சொன்ன பாட்டு என்று ஏழ்துறையும் பாடும் என்றேன். நான் சொன்னதில் சட்டப் பிழை இல்லை. என் வாழ்நாளில் நான் கண்டுபிடித்த மிக நல்ல வழி அதுதான். ஒரு சொல் சொன்னால் போதும்.

அவள் மறுத்தாள். மெட்டு அவருடையது, முழுதும் நான் செய்தேன் என்று எந்த வாயால் சொல்வேன் என்றாள். அவன் கொடுத்ததைத்தானே எடுத்துக்கொள்கிறாய் என்று வாதாடினேன். அவர் பொய் சொல்லிக் கொடுத்தார், நானும் பொய் சொல்லிக் கொடுத்தேன், கொடுப்பதற்காகச் சொன்ன பொய் போகட்டும், எடுத்துக்கொள்வதற்காக ஒரு பொய் சொன்னால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றாள். அவன் மீளமாட்டான் என்பதை எவரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை போலும், நானும் சொல்லவில்லை. பிழைக்கத் தெரியாதவள் என்று சினந்தேன். சினந்தது அவள்மேல் அன்று என்று அப்போதே எனக்குத் தெரியும்.

புறப்படும்போது, மன்னர் மாற்றிய சொல் எது என்று கேட்டாள். வீடு என்பதைக் கோட்டை என்று மாற்றினார் என்றேன். அவள் முகம் போன போக்கை எழுத எனக்குத் திறமில்லை. பாட்டிலுள்ள சொல்லெல்லாம் அவளுடையது, அந்த ஒரு சொல் மட்டும் அந்துவனுடையதாம். அவள் முதலில் பூட்டாதிருக்கும் நெஞ்சு என்றுதான் கட்டினாளாம். நெஞ்சுக்குத் தாழ்ப்பாள் வைத்த தச்சன் எவனும் இல்லை, வீடு என்று சொல்லடி என்று அவன் திருத்தினானாம். அதற்கும் இரண்டு நாள் சண்டை நடந்ததாம். ஒரு சொல் ஈந்தவன் உரியவன் என்றால், காரியாதனாரே, அந்தத் தச்சனும் ஒரு சொல் ஈந்தவன்தானே?

இதையே மாமன்னர் திருமுன் எடுத்துரைத்தேன். ஒரு பாட்டுக்கு ஒரு பெயர் என்பது இரு கவிகளின் குடுமிச் சண்டையால் வந்த விதி, இங்கோ இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக் கெட்டிருக்கிறார்கள், ஆதலால் இருவர் பெயரையும் ஒரே கல்லில் வெட்டினால் நாடு வாழ்த்தும் என்று மன்றாடினேன். வேண்டுமாயின் கோட்டை என்ற சொல்லுக்காக மூன்றாவதாகத் திருப்பெயரும் இருக்கட்டும் என்றும் சொல்லிப் பார்த்தேன். அந்த இடத்தில் மாமன்னரின் முகம் கறுத்தது. வலைக்காரிக்கும் தச்சனுக்கும் கீழே மூன்றாவதாகவா என்று கேட்டார். இன்று இருவர் பெயர் என்பாய், நாளை தாளம் போட்டவன் வருவான், மறுநாள் அவனுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தவள் வருவாள், அதற்கெல்லாம் கல் எங்கே என்றார். அவையோர் நகைத்தனர். முப்பத்தோராண்டு அந்த அவையில் நின்றிருக்கிறேன். நகைப்பவர்களோடு சேர்ந்து நானும் நகைத்தேன்.

சேந்தி வாய்கொடுக்க மறுத்தால் ஏழ்துறையிலிருந்தும் அவள் விலக்கப்படுவாள். அவள் வீடு அரச முத்திரையிட்டுப் பூட்டப்படும். அவளை மண்டபத்துக்கு மீண்டும் அழைத்து இதைச் சொல்லவேண்டியதும் என் கடமையாயிற்று. கலம் போன நாள் முதல் அவள் வீட்டுக் கதவு பூட்டப்பட்டதில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நான் அன்றுதான் அறிந்தேன். வந்து பார்த்துப் பூட்டிக் கிடந்தால் திரும்பிப் போய்விடுவார், கோபக்கார மனிதர் என்றாள். ஆகவே பாட்டைக் கொடுத்துவிடுகிறேன், கதவை விட்டுவிடுங்கள் என்றாள். அவர் வந்து பாட்டு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

ஆதலின் தாங்கள் செய்ய வேண்டுவன இவை. கல்லை ஆணைப்படி நாட்டுக. எழுத்தைப் பிழையின்றி வெட்டுவிக்க. பிழையிருந்தால் மறுபடி பாடச் சொல்வார்கள், அவள் ஒருமுறைக்கு மேல் பாடலாகாது. பேரடியில் மன்னர் திருப்பெயர் வரும் இடத்தில் முரசுகளை உரக்க முழக்கச் செய்க. அவள் தன் வாயால் சொல்வதைத் தன் காதால் கேளாதிருக்கும் அளவு உரக்க முழக்கச் செய்க. அதன்பின் துறையில் படகு தள்ளுவோர் அப்பாட்டைப் பாடுவர், அவள் வலை முடிந்தபடி கேட்டிருப்பாள், உதடசைத்தாலும் குற்றம். காவலர்கள் அவள் உதட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. தங்கள் காவலர்க்கு அந்நேரம் வேறு பக்கம் வேலை கொடுக்க முடியுமாயின் கொடுக்க. முடியாதாயின் தங்களை நான் குறை சொல்லேன், நானும் எதையும் முடித்தவன் அல்லேன்.

கல் வெட்டி முடிந்ததும் ஆணையோலையை அக்கல்லின் அடியிலேயே எரித்துவிட வேண்டும் என்ற வழக்கத்தை இம்முறையும் வழுவாது செய்க. அறிந்தேதான் இதில் எழுதினேன். இந்த நாட்டில் தோணிப்பாட்டுக்கு நேரே இருவர் பெயரும் சேர்ந்து எழுதப்பட்டது இந்த ஓலை ஒன்றில்தான்: சொல் சேந்தி, மெட்டு அந்துவன், வீடு என்னும் சொல்லும் அந்துவன். இதை ஒளித்து வைக்குமாறு கேட்கும் துணிவு எனக்கில்லை; ஒளித்து வைத்தால் தங்கள் தலைக்கு ஆபத்து, அதையும் நான் விரும்பேன். ஆகவே எரிக்க. சாம்பலைக் கடலில் விட வேண்டா; கரையொதுங்கினால் அதுவும் அரசருக்கே.

இவ்வோலைக்கு மாமன்னரின் சங்குமுத்திரை இடப்பட்டது. சொல் என்னுடையது, எழுத்தாணி பிடித்ததும் என் கை; எனினும் முத்திரை எவருடையதோ அவர் ஓலை என்றே இது வழங்கும், அதுவும் விதியே. மேலே உரைத்த ஆணைகள் யாவும் மன்னர் ஆணை. கீழே வரும் ஒன்று மட்டும் என் ஆணை; ஓலை எரிந்தபின் அதற்குச் சான்று இராது என்று அறிந்தே இடுகிறேன்.

சேந்தியின் வீட்டுக் கதவை எவரும் பூட்டலாகாது.

இவை நெடுமணல் பரிதி எழுத்து.